குழல்மீனும் செங்குழல்மீனும்: சிறுபாணாற்றுப்படையின் நெய்தல் விருந்தில் ஒரு மீன்பெயர் அடையாளச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கிய மீன்பெயர்களை இன்றைய விலங்கியல் பேரினங்களோடு இணைத்துக் காட்டும் போக்கு நெய்தல் திணை ஆய்வுகளில் பெருகியுள்ளது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் பாணர்க்கு அளிக்கும் குழல்மீன் இவ்வகை இணைப்புக்கு எளிதில் இடம் தருவது. குழல் என்னும் பெயருக்கு நேரான பொருளுடைய இலத்தீன் பெயரைத் தாங்கிய ஃபிஸ்டுலேரியா என்னும் கடல்மீன் பேரினமும், அப்பேரினத்தைச் சேர்ந்த செந்நிற இனமும் தமிழகக் கடலில் உள்ளன. பெயரொப்புமை ஒன்றையே கொண்டு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதையும், பாடலிலேயே உள்ள வறல், சூடு, வயின்வயின் ஆகிய சொற்கள் அவ்வடையாளத்துக்குத் துணைநில்லாமையையும், குழல் என்னும் சொல் அவ்விடத்தில் ஆற்றும் இலக்கியப் பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினம், ஓய்மாநாடு, குழல்மீன், ஃபிஸ்டுலேரியா, நெய்தல், உரைமரபு

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை நீளத்தால் சிறியது. இலக்கியப் பழமையால் பெரியது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் சங்க காலத்தில் ஓய்மாநாட்டின் தலைநகராக விளங்கியது. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. புலவரின் ஊரைக் குறிக்கும் இடைக்கழிநாடு இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கடற்கரையில், மரக்காணத்துக்கு வடக்கே அமைந்தது. ஆகவே, தாம் பாடும் கடற்கரையை அண்டை நிலத்தவராக நன்கறிந்த ஒருவரின் பாடல் இது எனக் கொள்ளலாம்.

இப்பாடலில் பரிசில் பெறச் செல்லும் பாணன் முதலில் அடையும் ஊர் எயிற்பட்டினம். அங்கு அவன் பெறும் உணவு சுட்ட குழல்மீன். இம்மீன் எது என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். எனினும், இன்று சங்கப் பாடல்கள் இலக்கியச் சான்றுகளாக மட்டுமன்றிச் சூழலியல் வரலாற்றுக்கும் கடலுயிர் வரலாற்றுக்கும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு கட்டுரையில் ஊகமாக எழுதப்படும் இலத்தீன் பெயர் அடுத்த கட்டுரையில் மேற்கோளாகிறது; அதற்கடுத்த ஆய்வேட்டில் அட்டவணையாகிறது; இறுதியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்கடலில் இன்ன மீன் மிகுந்திருந்தது என்னும் முடிவாகவே நிலைபெறுகிறது. எனவே, ஊகம் சான்றாக மாறும் இடத்தை இனங்கண்டு நிறுத்துவது திறனாய்வின் கடமையாகும். அக்கடமையைக் குழல்மீன் என்னும் ஒரு பெயரளவில் நிறைவேற்ற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடலிடமும் உரையும்

எயிற்பட்டினப் பகுதி 146ஆம் அடி முதல் 163ஆம் அடி வரை அமைகிறது. தாழை அன்னம் போலவும், செருந்தி பொன் போலவும், முண்டகம் நீலமணி போலவும், புன்னை முத்துப் போலவும் பூக்கும் வெண்மணற் கானல் வழியாகப் பாணன் நடக்கிறான். மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினத்தை அடைகிறான். உறங்கிக் கிடக்கும் ஒட்டகங்களைப் போல அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரங்கள் அங்கு விறகாகின்றன. கரிய புகையோடு எழும் செந்தீயில் நுளைமகள் சமைத்து அரித்த பழங்கள்ளைப் பரதவர் ஊட்டுகின்றனர். கிடங்கில் கோமானைப் பாடி, குழலிசையின் தாளத்துக்கு ஏற்ப ஆடுவாரோடு சேர்ந்து, உலர்ந்த குழல்மீனைச் சுட்ட உணவை மனைதோறும் பெறுவீர் எனப் பகுதி நிறைவுறுகிறது.

நச்சினார்க்கினியர் இங்குள்ள இரண்டாம் குழலை மீன் எனக் கொள்கிறார்; மேலும் விரிக்கவில்லை. 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட பத்துப்பாட்டுப் பதிப்பின் வழியாக அவ்வுரையே பிற்கால உரைகளுக்கு அடித்தளமாயிற்று. உரையாசிரியரின் இச்சுருக்கத்தைக் குறைபாடாகக் கருத வேண்டியதில்லை. இச்சொல் இங்கு மீனைக் குறிக்கிறது என்பது உரைமரபு நமக்கு அளிக்கும் உறுதியான செய்தி. அம்மீனின் நிறம், நீளம், வாழிடம் ஆகியவற்றை உரை கூறாமையால், அவற்றை உரையின் பெயரால் நாம் கூறுதல் பொருந்தாது.

20ஆம் நூற்றாண்டின் அகராதிப் பணி வேறொரு மரபைத் தோற்றுவித்தது. ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூல் மீன்களின் தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பல மீன்பெயர்களுக்கு நிறம், நீளம், இலத்தீன் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து வழங்கியது. வழக்கிலுள்ள பெயர்களுக்கு இம்முறை பெரும்பயன் தருவது. வழக்கு அறுந்த, அல்லது வழக்குத் தொடர்ச்சி மெய்ப்பிக்கப்படாத பழம்பெயர்களுக்கும் அதே முறையை நீட்டிக்கும்போதுதான் இடர் தோன்றுகிறது.

ஃபிஸ்டுலேரியா: பெயரொப்புமையின் ஈர்ப்பு

ஃபிஸ்டுலேரியா என்னும் பேரினத்தை லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் நிறுவினார். இலத்தீனில் ஃபிஸ்டுலா என்பதற்குக் குழாய், ஊதுகுழல் ஆகிய பொருள்கள் உண்டு. இம்மீனின் முகம் நீண்ட குழாயாக நீண்டு, அதன் நுனியில் சிறுவாய் அமைந்திருக்கும். உடல் செதிலற்றது, மெலிந்து நீண்டது. கவர்த்த வால்துடுப்பின் நடுவிலிருந்து சாட்டை போன்ற நீண்ட இழை புறப்படும். கடற்குதிரையும் ஊசிக்குழல் போன்ற அதன் உறவு மீன்களும் அடங்கிய வரிசையிலேயே விலங்கியலார் இதனையும் வைப்பர். சிறுமீன்களையும் இறால்களையும் குழல்முகத்தால் உறிஞ்சி விழுங்கும் கதிர்த்துடுப்பு மீன் இது.

இப்பேரினத்தில் நான்கு இனங்கள் பொதுவாக ஏற்கப்படுகின்றன. அவற்றுள் தமிழகக் கடலில் காணப்படுவன இரண்டு. ஒன்று, லாசெபேட் 1803ஆம் ஆண்டில் விவரித்த ஃபிஸ்டுலேரியா பெடிம்பா. இது செந்நிறம் அல்லது செம்பழுப்பு நிறம் உடையது. மற்றொன்று, ரூப்பெல் 1838ஆம் ஆண்டில் விவரித்த ஃபிஸ்டுலேரியா கமர்சோனி. இது பசுமை கலந்த முதுகும் நீலப் புள்ளிகளும் உடையது. முன்னதை இக்கட்டுரை வசதி கருதிச் செங்குழல்மீன் எனக் குறிக்கிறது. செங்குழல்மீன் 2 மீட்டர் வரை வளரக்கூடியது. பெரும்பாலும் 10 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், மென்மையான கடல்தளத்தின் மேல் வாழ்வது.

தமிழில் குழல், இலத்தீனில் ஃபிஸ்டுலா. இரண்டும் துளையுள்ள குழாயையும் இசைக்கருவியையும் ஒருங்கே குறிப்பன. இரு மொழியினரும் தனித்தனியே ஒரே மீனைக் கண்டு ஒரே உவமையால் பெயரிட்டனர் எனக் கூறுவது கேட்பதற்கு இனியது. சங்கப் புலவரின் கூர்நோக்குக்குச் சான்றாகவும் அமைவது. இணைப்பின் வலிமை அனைத்தும் இந்த இனிமையில் அடங்கியிருக்கிறது என்பதே அதன் வலுவின்மை. இலத்தீன் பெயர் முகத்தைக் கண்டு இடப்பட்டது என்பதை மீனின் வடிவமே உறுதி செய்கிறது. தமிழ்ப் பெயர் எதனைக் கண்டு இடப்பட்டது என்பதைப் பாடலும் உரையும் கூறவில்லை.

விலங்கியலிலும் பெயர் மட்டும் போதுவதில்லை என்பதற்கு இப்பேரினமே சான்று. செங்குழல்மீனுக்குக் குவியே 1816ஆம் ஆண்டில் செர்ராட்டா எனவும், கிளன்சிங்கர் 1871ஆம் ஆண்டில் வில்லோசா எனவும் வேறு பெயர்கள் இட்டனர். பெடிம்பா என்னும் பெயர் நெடுங்காலம் மற்றோர் இனத்தின்மீதும் ஏற்றி வழங்கப்பட்டது. 1976ஆம் ஆண்டில் ஃபிரிட்சே இப்பேரினம் முழுவதையும் மறுஆய்வு செய்து பெயர்களை ஒழுங்குபடுத்தினார். முதுகின் நடுக்கோட்டில் தோலுள் பதிந்த எலும்புத் தகடுகள், பக்கக்கோட்டு எலும்புகளின் முள்முனை போன்ற உடற்கூறுகளே இனங்களைப் பிரித்தறியத் துணைநின்றன. மாதிரி உடலும் அச்சு விவரணையும் கையிலிருந்த அறிவுத்துறைக்கே பெயர்க்குழப்பத்தைத் தீர்க்க இத்துணைக் காலம் தேவைப்பட்டது. மாதிரி உடல் இல்லாத, விவரணையும் இல்லாத ஒரு பழம்பெயருக்கு நாம் ஒரு வரியில் தீர்ப்பளித்தல் எவ்வாறு பொருந்தும்?

பெயர் காட்டும் பல வழிகள்

குழல் என்னும் சொல்லுக்குத் துளைக்கருவி என்னும் பொருள் ஒன்று மட்டும் இல்லை. உட்டுளை உடைய எதுவும் குழல். மகளிர் கூந்தலும் குழல். ஆகவே பெயர்க்காரணம் தேடுவோர்க்குக் குறைந்தது மூன்று வழிகள் திறக்கின்றன.

முதல் வழி முகத்தைக் குழலாகக் காண்பது; அது ஃபிஸ்டுலேரியாவுக்கு இட்டுச் செல்லும். இரண்டாம் வழி உடலைக் குழலாகக் காண்பது. உருண்டு நீண்ட உடலுடைய மீன்கள் நம் கரையோரத்தில் பல. கிழங்கான், சீலா, முரல் ஆகியவை அவ்வுருவின. மூன்றாம் வழி குழலைக் கூந்தலாகக் கொள்வது. வெள்ளி நாடா போல நீண்டு, வால்நுனி மயிரிழையாக மெலியும் சாவாளையின் பேரினப் பெயராகிய டிரைக்கியூரஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் மயிர்வால் என்பதே பொருள். குழலுக்கு ஃபிஸ்டுலா நேராவது போலவே, கூந்தலாகிய குழலுக்கு டிரைக்கியூரஸும் நேராகும். ஒரு பெயரொப்புமையை ஏற்போர் மற்றொன்றை மறுப்பதற்குப் பெயருக்குள்ளேயே காரணம் காட்ட இயலாது.

முரல் என்னும் வழக்குப் பெயரை இங்கு எண்ணிப் பார்க்கலாம். வண்டின் ஒலியையும் இசையையும் குறிக்கும் முரல்தல் என்னும் வினையோடு அப்பெயர் ஒத்தொலிக்கிறது. இதனைக் கொண்டு, குழல்மீனும் இசைப்பெயர், முரல்மீனும் இசைப்பெயர், ஆதலால் இரண்டும் ஒன்று என வாதிடவும் ஒருவர்க்கு இயலும். அவ்வாதம் எத்துணை எளிதாகக் கட்டப்படுகிறதோ அத்துணை எளிதாகவே ஃபிஸ்டுலேரியா வாதமும் கட்டப்படுகிறது. இரண்டும் சொல்லிலிருந்து மீனுக்குச் செல்கின்றன. மீனிலிருந்து சொல்லுக்கு வரவில்லை.

மேலும், மீன்பெயர்கள் இடந்தோறும் காலந்தோறும் பெயர்ந்து செல்வன. வாளை என்பது சங்கப் பாடல்களில் மருதநிலத்து நன்னீர் மீன். இன்று ஆற்று வாளை வேறு; கடலில் வாளை எனப்படும் நாடாமீன் வேறு. இரண்டும் நெருங்கிய உறவுடையனவும் அல்ல. இன்றைய சந்தையில் சங்கரா எனப்படுவதும் இத்தகையதே. நெமிப்டெரஸ் பேரினத்து இளஞ்சிவப்பு மீன்களையும் லுட்ஜானஸ் பேரினத்துச் செம்மீன்களையும் அப்பெயர் ஒருங்கே தழுவுகிறது. கண்முன் உள்ள மீனின் பெயரே இரு பேரினங்களுக்குப் பொதுவாகும்போது, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பெயர் ஒரே பேரினத்துக்கு உரியதாக இருந்தது எனக் கொள்ளுதற்கு அடிப்படை இல்லை.

பாடல் தரும் சான்றுகள்

பெயரை விடுத்துப் பாடலை நோக்கினால் மூன்று சான்றுகள் கிடைக்கின்றன. முதலாவது வறல். அம்மீன் பிடித்தவுடன் சமைக்கப்பட்டதன்று; உலர்த்தி வைக்கப்பட்டது. மீனை உலர்த்தல் நெய்தல் வாழ்வின் இன்றியமையாத தொழில் என்பதற்கு வேறு பாடல்களும் சான்றாகின்றன. நற்றிணை 45ஆம் பாடலில் தோழி, சுறாவை அறுத்து உலர்த்திய உணக்கலைப் பறவைகளிடமிருந்து காக்கும் தங்கள் தொழிலைக் கூறித் தலைவனை விலகி நிற்கச் சொல்கிறாள். குறுந்தொகை 320ஆம் பாடல், பரதவர் பெருங்கடலில் கொண்ட மீனின் உணக்கலையும் கழியில் பிடித்த இறாலின் வாடலையும் வேறுபடுத்திக் கூறுகிறது. சங்கப் புலவர் உலர்மீனைப் பொதுப்பட மொழியாமல் வகைபிரித்து அறிந்திருந்தனர் என்பது இவற்றால் விளங்கும். உலர்த்தப்படுவது உடனுண்டு எஞ்சியது. எனவே, வறல் என்னும் சொல் மிகுதியாகக் கிடைத்த மீனை நோக்கிச் செல்கிறது.

இரண்டாவது சூடு. நீரிட்டு வேகவைத்ததன்று, தீயில் சுட்டது. பட்டினப்பாலையில் கடல் இறாலைச் சுட்டுத் தின்பது கூறப்படுவதோடு இது ஒப்பிடத்தக்கது. கலமும் கூட்டும் வேண்டாத, உடனே ஆக்கத்தக்க உணவு இது. அடுப்பில் ஏற்கெனவே எரியும் நறுமண விறகின் தீயே இதற்குப் போதும்.

மூன்றாவது வயின்வயின். மூன்றனுள் இதுவே வலிமை மிக்கது. இதுவரை மீனடையாள நோக்கில் போதிய கவனம் பெறாததும் இதுவே எனலாம். ஒரு மனையில் மட்டுமன்றி, செல்லும் இடந்தோறும் குழல்மீன் சூட்டைப் பெறலாம் என்கிறது பாடல். ஓர் ஊரின் எல்லா மனைகளிலும் உலர்ந்த நிலையில் எப்போதும் இருக்கும் மீன், கூட்டமாகத் திரிந்து, கரையோர வலையில் மிகுதியாக அகப்படும் மீனாக இருத்தல் வேண்டும்.

இம்மூன்று சான்றுகளையும் செங்குழல்மீனோடு பொருத்திப் பார்க்கலாம். ஃபிஸ்டுலேரியா இனங்கள் சில நாடுகளில் உலர்த்தியும் புகையூட்டியும் உண்ணப்படுவது உண்மையே. ஆகவே வறலும் சூடும் அதனை முற்றிலும் விலக்கிவிடா. எனினும், செங்குழல்மீன் கடல்தளத்தின் மேல் தனித்தோ சிறு எண்ணிக்கையிலோ காணப்படுவது. பெருங்கூட்ட மீன் அன்று. இன்றும் அது பிற மீன்களோடு கலந்து அகப்படும் சிறுவரவே. ஒரு குப்பத்தின் உணவை அதன்மீது நிறுத்த இயலாது. வயின்வயின் என்னும் சொல்லை அதனால் தாங்க முடியவில்லை. முரலும் சாவாளையும் திரளாக வருவன. சாவாளை இன்றும் கருவாட்டுச் சந்தையின் முதன்மை மீன்களுள் ஒன்று. பாடற்சான்றின் அளவுகோலால் அளந்தால் இவை செங்குழல்மீனைவிட முன்னிற்கின்றன. அதனால் குழல்மீன் இவற்றுள் ஒன்றே என முடிவு கட்டுதல் கூடாது. பெயரொப்புமையில் முதலிடம் பெறும் மீன் பாடற்சான்றில் முதலிடம் பெறவில்லை என்பதே இங்கு நிறுவப்படுவது.

நிறம் சான்றாகுமா?

செம்மை என்னும் பண்பு இன்றைய மீன்சந்தையில் அடையாளமாகவும் விலையாகவும் செயற்படுகிறது. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ மீன் வாங்குவோர் சங்கராவையும் நவரையையும் நிறத்தால் தேர்கின்றனர். பனிக்கட்டியும் விரைவுப் போக்குவரத்தும் கடலின் நிறத்தை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டு வந்துள்ளன. கடல்தளத்தை ஒட்டி வாழும் சங்கரா போன்ற மீன்கள் பேரளவில் சந்தைக்கு வரலானது இழுவலைப் படகுகள் பெருகிய பின்னரே. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரிய இச்சந்தை அனுபவத்தைச் சங்கப் பாடலின்மேல் ஏற்றிச் செம்மீன்களைத் தேடுவது காலமுரணாகும்.

பாடலைக் கவனித்தால் இப்பகுதி நிறங்களில் மிகுந்த ஈடுபாடு உடையது என்பது தெரியும். மணல் வெள்ளை, செருந்தி பொன், முண்டகம் மணிநீலம், புன்னை முத்துநிறம், புகை கருமை, தீ செம்மை. இத்துணை நிறங்களை அடுக்கிய புலவர் குழல்மீனுக்கு நிறம் கூறவில்லை. வறல் என்னும் அடையையே தருகிறார். செந்நிற மீன்களின் நிறமிகள் வெயிலில் உலர உலர மங்குவன. பாணனின் கையில் வரும்போது அம்மீன் எந்நிறத்ததாக வாழ்ந்தது என்பது மறைந்துவிட்டது. நிறம் கூறாமையை மறதியாகக் கொள்வதைவிடப் பொருளுக்கு ஏற்ற அமைதியாகக் கொள்வதே பொருத்தம்.

குழல் என்னும் சொல்லின் இலக்கியப் பணி

அடையாள ஆய்வின் விரைவில் இலக்கிய நயம் ஒன்று கவனம் பெறாது போகிறது. பகுதியின் இறுதியிலுள்ள அடுத்தடுத்த இரு அடிகளில் குழல் என்னும் சொல் இருமுறை வருகிறது. இரண்டிடத்தும் அதற்கு முன்னுள்ள சொற்கள் தம்முள் எதுகை கொள்கின்றன. முன்னைய குழல் இசைக்கருவி. பின்னைய குழல் மீன். தாளத்தின் அறுதியைக் குறிக்கும் அறல் என்னும் சொல்லோடு முதற்குழல் சேர்ந்து வருகிறது. அறல் என்பதற்குக் கருமணல் என்னும் பொருளும் உண்டு. கூந்தலுக்கு அறலை உவமை கூறுதல் சங்க மரபு. எனவே, அறல், குழல் ஆகிய இரு சொற்களும் அடுத்து வருகையில் மரபறிந்த செவிக்குக் கூந்தலின் நினைவும் எழக்கூடும். உரை கொண்ட பொருள் இசைக்குழலே. கூந்தல் அதன் பின்னே ஒலிக்கும் நிழற்பொருள் என இக்கட்டுரை கருதுகிறது.

இவ்வாறு ஈரடிகளுக்குள் இசை, கூந்தல், மீன் ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் கூடுகின்றன. இசைவாணர்க்கு இசைக்கருவியின் பெயருடைய மீனே உணவாகிறது. குழலுக்கு ஆடியவர் குழலை உண்கின்றனர். இச்சொல்லாட்சி இல்லையேல் புலவர் எயிற்பட்டினத்தின் வேறொரு மீனையும் கூறியிருக்கக் கூடும். ஆகவே, குழல்மீன் பாடலில் இடம்பெற்றமைக்குக் கடலில் அது கிடைத்தமை ஒரு காரணம். அதன் பெயர் தந்த ஓசைநயம் மற்றொரு காரணம். இரண்டாம் காரணத்தை விலக்கிவிட்டு, பாடலை மீன்பிடிப் பதிவேடு போலப் படிப்பது பாடலுக்கும் நேர்மையன்று. கடல் வரலாற்றுக்கும் நேர்மையன்று.

உணவுகள் அமைந்த வரிசையையும் இங்கு நோக்க வேண்டும். பாணனின் வீட்டில் அவன் மனைவி குப்பை வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாமல் வாயிலை அடைத்து, சுற்றத்தோடு பகிர்ந்து உண்ட வறுமை முதலில் கூறப்படுகிறது. வழியில் அவன் பெறும் முதல் உணவு எயிற்பட்டினத்தின் உலர்மீன். அடுத்து வேலூரில் எயிற்றியர் தரும் புளிச்சோறும் ஆமான் சூடும். அதனை அடுத்து ஆமூரில் உழவர் மகள் தரும் வெண்சோறும் நண்டுக் கலவையும். இறுதியில் நல்லியக்கோடனின் அரண்மனையில் வீமனது மடைநூல் நெறி வழுவாமல் ஆக்கிய பலவகை உணவு. வீட்டுக்குள் மறைத்து உண்ட உணவிலிருந்து மன்னன் தானே நின்று ஊட்டும் உணவு வரை செல்லும் இப்படிநிலையில் குழல்மீன் முதற்படி. அது எளிய உணவாக இருப்பதே அப்படிக்குப் பொருத்தம். அரியதொரு மீனாக இருந்தால் படிநிலை குலையும். அடைத்த கதவுக்கு மாறாக மனைதோறும் திறந்த வாயில். ஒளித்து உண்டதற்கு மாறாகப் பாடியும் ஆடியும் உண்பது. இவ்வெதிர்நிலையில்தான் வயின்வயின் என்னும் சொல்லின் முழுப்பொருளும் வெளிப்படுகிறது. மீனடையாளச் சான்றாக நாம் கொண்ட சொல்லும் இலக்கியக் கட்டமைப்பின் சொல்லும் ஒன்றே. இரு நோக்குகளும் இவ்விடத்தில் ஒரே விடையைத் தருகின்றன: குழல்மீன் எங்கும் கிடைத்த எளிய மீன்.

இடப்பெயர் ஆய்வு காட்டும் முறை

இதே பாடலின் இடப்பெயர்களை அறிஞர் அடையாளம் கண்ட முறை மீன்பெயர் ஆய்வுக்கு வழிகாட்டக் கூடியது. பட்டினத்தின் பெயரைப் பாடல் நேராகக் கூறாமல், மதிலோடு பெயர் கொண்டது எனப் புதிராக மொழிகிறது. மதிலுக்கு எயில் என்னும் பெயருண்மையால் உரையாசிரியர் எயிற்பட்டினம் என விடுவித்தார். அதனை இன்றைய மரக்காணம் எனக் கொள்வோர் பெயரை மட்டும் நம்பவில்லை. பாணன் செல்லும் வழியின் வரிசை, கிடங்கிலுக்கும் கடலுக்கும் உள்ள அண்மை, கடற்கரையின் அமைப்பு, கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு கூறும் சோபட்மா என்னும் துறைமுகம் ஆகியவற்றை இணைத்தே அம்முடிவுக்கு வந்தனர். வேலூரை உப்புவேலூர் எனவும் ஆமூரை நல்லாமூர் எனவும் கருதுவோரும் பெயரோடு வழிமுறையையும் கருதினர். அவை இன்றும் கருத்துகளாகவே கூறப்படுகின்றன, மெய்ம்மைகளாக அல்ல.

மீன்பெயர்க்கும் இத்தகைய பன்முகச் சான்று வேண்டும். அதற்காக ஆய்வாளர் அடையாளத்தின் வலிமையை மூன்று நிலைகளில் வெளிப்படையாகக் குறிக்கலாம். வழக்குத் தொடர்ச்சியும் பாடல் விவரணையும் ஒத்துவரின் உறுதி. பாடல் விவரணை மட்டும் பொருந்தின் இயல்வு. சொல் மட்டும் ஒத்திருப்பின் பெயரொப்புமை. சுறா, இறவு ஆகியவை முதல் நிலையின. குழல்மீன் ஃபிஸ்டுலேரியாவே என்னும் கருத்து மூன்றாம் நிலையைத் தாண்டவில்லை. அட்டவணையில் இம்மூன்றையும் ஒரே நிரலில், வேறுபாடு காட்டாமல் எழுதுவதே இன்றைய முதன்மைக் குறை.

களப்பணிக்கும் இங்கு இடமுண்டு. மரக்காணம் முதல் வானூர் வரையிலான மீனவர் ஊர்களில் குழல் என்னும் சொல் எந்த மீனுக்கேனும் இன்று வழங்குகிறதா என்பதை, மீனின் படத்தோடும் அளவோடும் பிடித்த வலையின் பெயரோடும் பதிவு செய்ய வேண்டும். ஒரே மீன் வளர்ச்சிக்கு ஏற்ப வெவ்வேறு பெயர் பெறுவதையும் கருவாடான பின் பெயர் மாறுவதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கேட்காமல் மீனைக் காட்டிக் கேட்பது நலம். இல்லையேல் ஆய்வாளரின் எதிர்பார்ப்பே விடையாகத் திரும்பி வரும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் இணைந்து ஓராண்டுச் சுழற்சியில் செய்யத்தக்க பணி இது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை நீளும் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலத்தில் மனைகளில் எவ்வெம் மீன்கள் உலர்ந்த நிலையில் சேமிப்பில் உள்ளன என்பதைக் கண்டறிதல் வயின்வயின் என்னும் சொல்லுக்கு வாழும் விளக்கமாக அமையலாம். அவ்விவரம் சங்க காலத்துக்கு நேர்ச்சான்று ஆகாது, ஒப்புநோக்கத்துக்கு உதவும்.

முடிவுரை

சிறுபாணாற்றுப்படையின் குழல்மீனை ஃபிஸ்டுலேரியா பேரினத்தோடும், அதிலும் செந்நிற இனத்தோடும் இணைப்பதற்குப் பெயரொப்புமையன்றி வேறு சான்று இல்லை. அதே பெயரொப்புமை முறையால் வேறு பேரினங்களையும் நிறுவ இயலும் என்பது அம்முறையின் போதாமையைக் காட்டுகிறது. பாடலிலுள்ள வறல், சூடு, வயின்வயின் ஆகிய சொற்கள் மிகுதியாகக் கிடைத்து, உலர்த்தப்பட்டு, மனைதோறும் இருந்த எளிய மீனைச் சுட்டுகின்றன, செங்குழல்மீன் அவ்வியல்பினதன்று. நிறம் பற்றிய சான்று பாடலில் இல்லை. குழல் என்னும் சொல் ஓசைநயத்தாலும் உணவுப் படிநிலையாலும் அவ்விடத்தில் இன்றியமையாததாகிறது. எனவே, புதிய சான்று கிடைக்கும் வரை குழல்மீனுக்கு இலத்தீன் பெயர் இடாமல், உரைமரபு கூறியவாறு குழல் என்னும் மீன் என்றே எழுதுவது தகும். அவ்வாறு எழுதுவது அறியாமையை ஒப்புவதாகாது. பாடல் கூறியதற்கும் நாம் கூற விரும்புவதற்கும் இடையிலுள்ள எல்லையைக் காப்பதாகும்.